லூம்: காதைத் தீட்டி விளையாட வேண்டிய பழைய சாகச ஆட்டம்

1990-ல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் வெளியிட்ட ‘லூம்’ என்ற கணினி ஆட்டத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய சாகச ஆட்டங்களில் எங்கேயாவது மேற்கத்திய செவ்வியல் இசை காதில் பட்டால், நான் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அது யாருடையது, எந்தப் பகுதி என்று தேடப் போய்விடுவேன். பல ஆட்டங்களில் விடை தெரிந்ததும் வேலை முடிந்துவிடும். ‘அட, இதுவா’ என்று ஒரு சந்தோஷம், அவ்வளவுதான். லூமில் அப்படி முடிவதில்லை. இசை யாருடையது என்று தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இந்த ஆட்டம் ஒன்றாக இருக்காது. அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் இதை வாங்கி விளையாடச் சொல்கிறேன். ஆனால் எந்தப் பதிப்பை விளையாடுகிறீர்கள் என்பதில் விஷயம் இருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இதை வடிவமைத்தவர் பிரையன் மோரியார்ட்டி. அதற்கு முன் இன்ஃபோகாம் நிறுவனத்தில் எழுத்தை மட்டுமே வைத்து ஆட்டங்கள் செய்தவர். லூமில் அவர் எழுத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒலியைக் கையில் எடுத்தார். நாயகன் பாபின் த்ரெட்பேர், நெசவாளர் குலத்துப் பையன், முக்காடு போட்டிருப்பான், அன்றைக்குத்தான் 17 வயது ஆகிறது. குலத்துப் பெரியவர்கள் அவனை வரச்சொல்லி ஆள் அனுப்புகிறார்கள். அவன் போய்ச் சேரும் நேரத்தில் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. பெரியவர்கள் அத்தனை பேரும் அன்னங்களாக மாறிப் பறந்து போய்விடுகிறார்கள். தறி இருந்த மண்டபத்தில் மிச்சம் ஒரு கோலும் ஒரு முட்டையும்தான். அந்தக் கோல் நூல் நூற்பதற்கானது. ஆட்டம் முழுக்கப் பாபின் கையில் இருக்கும் ஒரே பொருள் அதுதான்.

அந்தக் காலத்துச் சாகச ஆட்டங்களில் திரையின் அடியில் ‘திற’, ‘தள்ளு’, ‘எடு’, ‘பேசு’ என்று வினைச்சொற்கள் வரிசையாக நிற்கும். பக்கத்தில் நாம் பொறுக்கிச் சேர்த்த கயிறு, சாவி, விளக்கு எல்லாம் மூட்டையாக இருக்கும். லூமில் இரண்டும் கிடையாது. திரையின் அடியில் அந்தக் கோல் மட்டும் படுத்திருக்கும். அதன் மேல் இங்கே தட்டினால் ஒரு ஸ்வரம், அங்கே தட்டினால் இன்னொன்று. ஆரம்பத்தில் மூன்று ஸ்வரங்கள்தான் ஒலிக்கும். நம் மொழியில் சொன்னால் ச, ரி, க. கதை நகர நகர ஒவ்வொன்றாகக் கூடி, கடைசியில் மேல்ஸ்தாயி ச வரை எட்டும் கைக்கு வரும். நான்கு ஸ்வரங்களைச் சரியான வரிசையில் வாசித்தால் ஒரு மந்திரம். ஒன்று திறக்கும், ஒன்று சாயம் ஏற்றும், ஒன்று வைக்கோலைத் தங்கமாக நூற்கும், ஒன்று தூங்கவைக்கும்.

இந்த மந்திரங்களை யாரும் உட்காரவைத்துக் கற்றுத் தருவதில்லை. பொருள்களைத் தொட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மண்டபத்தில் கிடக்கும் முட்டையைத் தொட்டால் நாலு ஸ்வரம் கேட்கும்: க ச க ரி. அதையே கோலில் திருப்பி வாசித்தால் முட்டை திறக்கும். அந்த ஒன்று எப்போதும் அதேதான். மற்ற மந்திரங்களில் பலவும் ஒவ்வொரு முறை புதிதாக ஆடத் தொடங்கும்போதும் வேறு வேறு ஸ்வரங்களோடு வரும். போன தடவை எழுதிவைத்த தாளைப் பார்த்து ஒப்பேற்ற முடியாது. மறுபடி கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று இதோ. மந்திரத்தைக் கடைசி ஸ்வரத்திலிருந்து தலைகீழாக வாசித்தால் அதன் பலனும் தலைகீழாகும். திறக்கும் மந்திரம் ரி க ச க என்று வந்தால் மூடும் மந்திரம். நெசவாளர்களின் தீவை விட்டு ஒரு மரத்துண்டின் மேல் கடலில் மிதந்து போகும்போது நீர்ச்சுழல் ஒன்று வழியை மறிக்கும். ஒரு கோடைக்கால மாலையில் அக்கா மகளை உட்காரவைத்து இந்த இடத்தைக் காட்டினேன். பியானோ படிக்கிற பெண். சுழலைத் தொட்டதும் நாலு ஸ்வரம் ஒலித்தது. கேட்டதை அப்படியே வாசித்தாள், ஒன்றும் நடக்கவில்லை. நான் வாய் திறப்பதற்குள் “மாமா, சொல்லாதீங்க, சொல்லாதீங்க” என்று கையை நீட்டித் தடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு அந்த நாலையும் ஒரு தடவை மெல்ல முணுமுணுத்தாள். அப்புறம் பின்னாலிருந்து முன்னாக முணுமுணுத்தாள். “இது சுத்துது, அப்ப இது பிரிக்கும்” என்று சொல்லிவிட்டு வாசித்தாள். சுழல் முறுக்கு அவிழ்ந்து தண்ணீரோடு தண்ணீராகப் போனது. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! ஒரு புதிரை இப்படி முழுக்கக் காதாலேயே அவிழ்க்கவைக்கிற ஆட்டம் அதற்கு முன்னும் பின்னும் எத்தனை வந்திருக்கிறது? எனக்குத் தெரிந்து விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இதே வித்தை பின்னால் டிராகன் குகையில் இன்னும் அழகாக வரும். தீவில் நூல் நூற்கும் ராட்டையைத் தொட்டுக் கற்ற மந்திரம் வைக்கோலைத் தங்கமாக்கும். டிராகன் படுத்திருப்பதோ தங்கக் குவியலின் மேல். மிச்சத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள். வைக்கோல் எவ்வளவு சீக்கிரம் பற்றிக்கொள்ளும், டிராகன் எதை மூச்சாக விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சரி, இசைக்கு வருவோம். லூமின் பின்னணி இசை முழுக்க ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் ‘ஸ்வான் லேக்’ (அன்ன ஏரி) என்ற பாலே நடன நாடகத்திலிருந்து எடுத்த பகுதிகள். ஆட்டத்துக்காகத் தொகுத்து அமைத்தவர் ஜார்ஜ் சாங்கர். ‘ஃபேட் மேன்’ என்ற பெயரில் ஆட்ட இசை உலகில் பிரபலமானவர். ‘தி செவன்த் கெஸ்ட்’ ஆட்டத்துக்கும் பின்னால் இசையமைத்தார். பாலே முதலில் மேடையேறியது 1877-ல், மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கில். அப்போது அதைப் பெரிதாக யாரும் கொண்டாடவில்லை. சைக்கோவ்ஸ்கி 1893-ல் இறந்துபோனார். 1895-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பெட்டிபாவும் இவானோவும் புதிதாக நடனம் அமைத்து மேடையேற்றிய பிறகுதான் அது இன்றைய புகழுக்கு வந்தது. இசையமைப்பாளர் அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

இந்தப் பாலேயில் எல்லோருக்கும் தெரிந்த மெட்டு ஒன்று உண்டு. பெயர் தெரியாதவர்களுக்கும் மெட்டு தெரிந்திருக்கும். இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தில் வருவது. வயலின்கள் அடியில் நடுங்கிக்கொண்டே இருக்கும், ஹார்ப் தந்திகள் அலை அலையாக வந்துபோகும், அதன் மேல் ஓபோ என்ற நாணல் வாத்தியம் தனியாகப் பாடும். ஸ்வரமாகச் சொன்னால் இப்படி: பஞ்சமத்தில் நீளமாக நின்று, சட்டென்று கீழே சட்ஜத்துக்கு இறங்கி, ச ரி க ம என்று படியேறி மறுபடி பஞ்சமத்தில் வந்து நிற்கும். அப்புறம் க ப, க ப என்று இரண்டு தடவை தயங்கிவிட்டுக் கீழே இறங்கிவிடும். ஏறப் பார்த்து ஏற முடியாமல் திரும்புகிற மாதிரி இருக்கும் அந்த இறக்கம். பாலேயில் சூனியக்காரன் ஒருவனின் மந்திரத்தால் அன்னமாக மாற்றப்பட்ட ஓடெட்டின் மெட்டு அது.

இப்போது ஆட்டத்தின் கதையை மறுபடி நினைத்துப் பாருங்கள். மந்திரத்தால் அன்னமாகிப் பறந்துபோன பெரியவர்கள். பாபினின் அம்மா பெயர் சிக்னா. லத்தீனில் அன்னத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்த பெயர். அந்த அம்மாவுக்கும் அன்னத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் கதையின் அடிவேர். மோரியார்ட்டி ஏதோ காப்புரிமைத் தொல்லை இல்லாத பழைய இசை கிடைத்தது என்று எடுத்துப் போட்டவர் இல்லை. ஸ்வான் லேக்கைக் காதால் அடையாளம் கண்டுகொண்டவருக்கு, பாபினுக்கே தெரியாத ஒன்று ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது. பாலேயின் கடைசியில் இதே மெட்டு சோகம் தோய்ந்த மைனரிலிருந்து பிரகாசமான மேஜருக்கு மாறி, முழு வாத்தியக் குழுவும் சேர்ந்து முழங்கி முடியும். அதைக் கேட்டுவிட்டு ஆட்டத்தின் கடைசிக் காட்சிக்குப் போங்கள். முடிவை நான் சொல்லவில்லை. சோகமா சந்தோஷமா என்று உங்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடக்கும், அதற்கு நான் உத்தரவாதம்.

புகழ்பெற்ற அந்த மெட்டை விட்டால், லூமில் வரும் மற்றப் பகுதிகள் அவ்வளவு பரிச்சயமானவை இல்லை. எனக்கு அதுதான் கூடுதல் சந்தோஷம். பாலேயை முழுதாகக் கேட்க இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். பெரும்பாலானோர் இருபது நிமிடச் சுருக்கத் தொகுப்பைக் கேட்டதோடு நிறுத்திக்கொள்வார்கள். லூம் விளையாடியபோது காதில் ஒட்டிக்கொண்ட சில மெட்டுகள் அந்தச் சுருக்கத்தில் இல்லை. அவற்றைத் தேடித்தான் நான் முழுப் பாலேயையும் முதல்முறையாக அங்கம் அங்கமாக உட்கார்ந்து கேட்டேன். நடுவில் ஒரு இடத்தில் திடீரென்று ஒரு வரி வந்து, ‘இது அங்கே கேட்டதல்லவா’ என்று மனசு துள்ளும் பாருங்கள், அந்த இன்பத்தை நீங்களும் அனுபவிக்க வேண்டும் என்பதால் எந்தப் பகுதி எங்கே வருகிறது என்ற பட்டியலை இங்கே தரப்போவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இசை இந்த ஆட்டத்தில் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருப்பதில்லை. ஒரு காட்சியில் நுழைந்ததும் வரும், கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடும். அப்புறம் அமைதி. இன்றைக்குள்ள ஆட்டங்களுக்குப் பழகியவர்களுக்கு முதலில் இது குறையாகத் தோன்றலாம். கோலை எடுத்து நாலு ஸ்வரம் வாசிக்கும்போதுதான் அந்த அமைதியின் அருமை தெரியும். பின்னணியில் வேறொரு சுருதியில் வாத்தியங்கள் முழங்கிக்கொண்டிருந்தால் அந்த நாலு ஸ்வரத்தை எப்படிப் பிடிப்பது?

இனி எந்தக் கருவியில் எப்படிக் கேட்கிறது என்பது. இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1990-ல் பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் இருந்தது உள்ளே பொருத்திய சின்ன ஒலிபெருக்கிதான். அதில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும். வயலின் நடுக்கம், ஹார்ப் அலை என்று எதுவும் கிடையாது, மெட்டு மட்டும் தன்னந்தனியாக, காய்ந்த குரலில். ஆச்சரியம் என்னவென்றால் அதிலும் அன்ன மெட்டைக் கண்டுபிடித்துவிடலாம். நல்ல மெட்டு எலும்புக்கூடாக நின்றாலும் ஆள் யார் என்று தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் ஆட்டங்கள் செய்தவர்கள் செவ்வியல் இசையை நாடியதற்கு உரிமைத்தொகை இல்லாதது ஒரு காரணம் என்றால், இது இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன். ஒற்றைக் குரலில் வாசித்தாலும் தாங்கும் மெட்டு வேண்டும். அப்படிப்பட்டவை பழைய இசையில் ஏராளம்.

அடுத்தது கணினிக்குள் செருகும் ஆட்லிப் ஒலி அட்டை. 1987-ல் வந்தது, யமஹா சில்லு, ஒரே சமயத்தில் ஒன்பது குரல்கள் தரும். ஓபோ மாதிரியான நாணல் குரல் இதில் ஓரளவு ஒப்புக்கொள்கிற மாதிரி வரும். ஹார்ப்பும் பரவாயில்லை, மீட்டும் ஒலி அதற்குக் கைவந்த கலை. வயலின் கூட்டத்தின் நடுக்கம்தான் சுத்தமாக வராது, வண்டு ரீங்காரம் மாதிரி ஆகிவிடும். ஆனாலும் அந்த உலோகக் குரலில் ஒரு குளிர்ச்சி இருக்கிறது. லூமின் படங்களோடு அது நன்றாகவே சேர்கிறது.

மூன்றாவது ரோலண்ட் எம்டி-32 இசைக் கருவி. கணினிக்கு வெளியே வைக்கும் தனிப் பெட்டி, விலை கூடியது, வீடுகளில் அபூர்வம். அதற்கான இசை லூமுக்குத் தனி வட்டாகக் கொடுக்கப்பட்டது. என் கணக்கில் லூமின் இசை முழு உருவம் பெறுவது இதில்தான். ஓபோ ஓபோவாக இருக்கும், தந்திகள் மூச்சு விடும், கீழே பாஸ் குரல் நின்று தாங்கும். அசல் வாத்தியக் குழுவைக் கேட்ட காதுக்கு இது போலிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு குரலும் எங்கே பிரிகிறது, எங்கே சேர்கிறது என்பது அசலைவிடத் தெளிவாகக் கேட்கும். இசை படிக்கும் பிள்ளைகளுக்கு இதைப் போட்டுக் காட்டினால் ஓபோவின் வரியையும் அடியில் போகும் வரியையும் தனித்தனியாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

பதிப்புகள் மூன்று முக்கியம். முதலாவது 1990-ன் நெகிழ்வட்டுப் பதிப்பு, 16 நிறங்கள். பதினாறுதானா என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். பின்னணி ஓவியங்களில் மார்க் ஃபெராரி இரண்டு நிறப் புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்து இல்லாத நிறங்களைக் கண்ணுக்குக் காட்டியிருப்பார். அந்த நீல இரவு வானத்தைப் பார்த்துவிட்டு இது பதினாறு நிறம் என்றால் நம்பமாட்டீர்கள். பெட்டிக்குள் அரை மணி நேர ஒலிநாடகம் அடங்கிய கேசட்டும், மந்திரங்களின் வரலாறு எழுதிய சின்னப் புத்தகமும் இருக்கும். பாபின் பிறந்த கதை அந்தக் கேசட்டில்தான் இருக்கிறது. அதைக் கேட்காமல் ஆட்டத்தைத் தொடங்குவது முதல் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுக் கதை படிப்பது மாதிரி.

இரண்டாவது ஜப்பானின் எஃப்எம் டவுன்ஸ் கணினிக்கு வந்த பதிப்பு. 256 நிறம், இசை குறுவட்டிலிருந்து நேராக ஒலிக்கும். இசைக்காகவே விளையாடுகிறவர்களுக்கு எம்டி-32-க்கு அடுத்து நான் கைகாட்டுவது இதைத்தான்.

மூன்றாவது 1992-ல் கணினிக்கு வந்த குறுவட்டுப் பதிப்பு. 256 நிறம், எல்லாப் பாத்திரங்களும் வாய் திறந்து பேசுவார்கள். இன்றைக்கு ஸ்டீம், ஜிஓஜி என்ற இணையக் கடைகளில் விற்பது இதுதான். நடிகர்கள் நன்றாகவே பேசியிருக்கிறார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு குறுவட்டில் கொள்ளும் ஒலி சுமார் 74 நிமிடம்தான். அதற்குள் அடக்குவதற்காக வசனங்களை வெட்டிச் சுருக்கி மாற்றி எழுதினார்கள். முதல் பதிப்பில் பேசுகிறவர்களின் முகம் திரை நிறைய வரும் காட்சிகள் பல இதில் இல்லை. பேச்சு வந்து உட்கார்ந்த இடங்களில் இசை முன்னைப் போல முன்வரிசையில் நிற்பதில்லை. கேட்பதற்கென்றே கட்டிய ஆட்டத்தில் பேச்சு இசையை மறைப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அதற்காக இதை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. கைக்கு எட்டுவது இதுதான் என்றால் தயங்காமல் வாங்குங்கள். கோலும் ஸ்வரங்களும் புதிர்களும் சைக்கோவ்ஸ்கியும் இதிலும் இருக்கிறார்கள். பழைய நெகிழ்வட்டோ எஃப்எம் டவுன்ஸ் வட்டோ கையில் இருப்பவர்கள் ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருளில் அவற்றை இன்றைய கணினியிலேயே ஓட்டலாம். அதன் ஒலி அமைப்பில் ஒலிபெருக்கி, ஆட்லிப், எம்டி-32 என்று மாற்றி மாற்றி வைத்து ஒரே காட்சியைக் கேட்டுப் பாருங்கள். நான் மேலே மூன்று பத்தியில் சொன்னது மூன்று நிமிடத்தில் புரிந்துவிடும். எம்டி-32-க்கு மட்டும் அந்தக் கருவியின் ரோம் கோப்புகள் (அதன் உள்நினைவின் நகல்) தேவைப்படும்.

ஆட்டத்தின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சின்ன ஆட்டம். பழகியவர்கள் ஒரே உட்காரலில் முடித்துவிடுவார்கள். பாபின் நடப்பது மெதுவாக இருக்கும். கண்ணாடி செய்வோரின் பச்சை நகரம், இடையர்கள், கொல்லர்கள் என்று ஒவ்வொரு குலமாகக் காட்டி ஆவலைக் கிளப்பிவிட்டு, கொஞ்சம் பழகுவதற்குள் அடுத்த இடத்துக்குக் கூட்டிப்போய்விடும். கதை முடியும் இடத்தில் தொக்கி நிற்கும் கேள்விகள் பல. ‘ஃபோர்ஜ்’, ‘தி ஃபோல்ட்’ என்று இரண்டு தொடர்ச்சிகள் யோசனையில் இருந்தன, இரண்டையும் அந்த நிறுவனம் எடுக்கவே இல்லை. கொல்லர் குலத்துப் பையன் ரஸ்டியின் கதை என்ன ஆனது என்று எனக்கு இன்னும் ஏக்கம் உண்டு. ஒரு நிம்மதி, இந்த ஆட்டத்தில் பாபின் சாவதில்லை, தப்பான வழியில் போய்த் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்வதும் இல்லை. அதனால் பயமில்லாமல் எதையும் தொட்டுக் கேட்கலாம்.

மற்ற ஆட்டங்களோடு ஒப்பிட்டால்தான் லூம் செய்தது என்ன என்று தெரியும். 1984-ல் வந்த முதல் ‘கிங்ஸ் குவெஸ்ட்’ ஆட்டத்தின் முகப்பில் ‘கிரீன்ஸ்லீவ்ஸ்’ என்ற பழைய ஆங்கிலேய மெட்டு ஒலிக்கும். ராஜா, கோட்டை, அகழி என்று பழைய காலத்து வாசனை வரவேண்டும், அதற்கு அது போதும். அதற்கு மேல் அந்த மெட்டுக்கு அங்கே வேலை இல்லை. சாகச ஆட்டம் இல்லை என்றாலும் ‘எலைட்’ என்ற விண்வெளி ஆட்டத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கமடோர் 64 கணினிக்கான பதிப்பில் விண்கலத்தைத் தானியங்கிக் கருவி விண்வெளி நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்தும் நேரத்தில் ஸ்ட்ராஸின் ‘புளூ டான்யூப்’ வால்ட்ஸ் ஒலிக்கும். சுழலும் நிலையத்துக்கும் சுழன்றாடும் வால்ட்ஸுக்கும் நல்ல பொருத்தம். 1996-ன் ‘ரெசிடென்ட் ஈவில்’ ஆட்டத்தில் பீத்தோவனின் ‘மூன்லைட்’ சொனாட்டாவைப் பியானோவில் வாசித்தால் ரகசியக் கதவு திறக்கும். இசை அங்கே சாவி. ஆனால் வாசிப்பது பாத்திரம்தான், நாம் பொத்தானை அமுக்கிவிட்டு வேடிக்கை பார்க்கிறோம்.

இவற்றில் லூமுக்குச் சரிக்குச் சரி நிற்பது என்று நான் நினைப்பது 1995-ல் ஜேன் ஜென்சன் செய்த இரண்டாவது ‘கேப்ரியல் நைட்’ ஆட்டம். பவேரியா மன்னர் இரண்டாம் லுட்விக், ஜெர்மன் ஓபரா இசையமைப்பாளர் வாக்னர், காணாமல்போன ஒரு ஓபரா என்று கதை. வாக்னர் அப்படி ஒன்றை எழுதவே இல்லை. இசையமைப்பாளர் ராபர்ட் ஹோம்ஸ் வாக்னரின் பாணியில் புதிதாக எழுத, ஆட்டத்தின் கடைசியில் மேடையேற்றியும் காட்டியிருப்பார்கள். வாக்னரைக் கேட்டுப் பழகியவர் அந்தக் காட்சியில் ‘இது எந்த ஓபராவில் வருகிறது’ என்று மூளையைக் கசக்குவார், விடை இருக்காது. இசை தெரிந்தவரைத் தெரிந்ததாலேயே திகைக்கவைக்கிறது. லூம் இதற்கு நேர் எதிர். தெரிந்தவருக்கு முன்கூட்டியே ரகசியத்தைச் சொல்லிக் கூட்டாளியாக்கிக்கொள்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து விளையாடினால் அந்த வித்தியாசம் பிரமாதமாகத் தெரியும்.

விளையாட உட்காருகிறவர்களுக்கு இனிச் சொல்ல வேண்டியது நிலைகளைப் பற்றி. லூமில் மூன்று உண்டு. பயிற்சி நிலையில், வாசித்த ஸ்வரங்களின் எழுத்துகள் கோலுக்கு அடியில் ஒரு கட்டத்தில் வந்துகொண்டே இருக்கும். காது சரியாகக் கேட்காதவர்களும் இந்த நிலையில் ஆட்டத்தை முழுதாக முடிக்கலாம். இசையை நம்பிய ஆட்டத்தில் இப்படி ஒரு வாசல் வைத்ததற்கு மோரியார்ட்டிக்கு ஒரு கும்பிடு. நடு நிலையில் கோலில் குறிகள் இருக்கும், ஒளிர்வதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். மூன்றாவது, எக்ஸ்பர்ட். அதில் கண்ணுக்கு ஒரு உதவியும் கிடையாது. கேட்க வேண்டும், பிடிக்க வேண்டும், கோலில் தேடி வாசிக்க வேண்டும்.

கொஞ்சமாவது பாடுகிறவர்கள், ஏதாவது ஒரு வாத்தியத்தைத் தொட்டவர்கள் நேராக எக்ஸ்பர்ட்டிலேயே தொடங்குங்கள். ஆரம்பத்தில் மூன்று ஸ்வரம்தான் என்பதால் பயப்பட ஒன்றுமில்லை, காது வளர வளரத்தான் ஸ்வரமும் கூடுகிறது. தாளும் பென்சிலும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கேட்ட மந்திரத்தை ஸ்வரமாகவே எழுதிக்கொள்ளுங்கள். அக்கா மகள் அப்படித்தான் செய்தாள். இரண்டாம் நாளே தாளைப் பார்க்காமல் வாய்க்குள் முணுமுணுத்து வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. எக்ஸ்பர்ட்டில் விளையாடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு சின்னக் காட்சி கூடுதலாக உண்டு. பாபின் முக்காட்டுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவன் எட்டிப் பார்க்க வருவான். அந்த இடத்துக்கு வந்ததும் ஆட்டத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி பார்க்கத் தோன்றும்.